அத்தியாயம் 9: கம்பெனி ஏற்றிய வேகமா, நாமே ஏற்றும் வேகமா?

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடை. கவுண்டர் மேல் இரண்டு பெட்டிகள். இரண்டிலும் இருப்பது ஆர்.டி.எக்ஸ். 4060 கிராபிக்ஸ் கார்டு. இரண்டிலும் 8 ஜி.பி. மெமரி. ஒரு பெட்டியில் மட்டும் பெயருக்குப் பின்னால் ‘ஓ.சி.’ என்று அச்சாகியிருக்கிறது.

“தம்பி, இது ஓ.சி. மாடல். மூவாயிரம் கூட வரும். ஆனா ஸ்பீடு அதிகம்.”

“எவ்வளவுண்ணே அதிகம்?”

“ஓட்டிப் பாத்தா உங்களுக்கே தெரியும்.”

இந்தப் பேச்சைப் பல கடைகளில் பல முறை கேட்டிருக்கிறேன். அந்தத் தம்பி கேட்டது சரியான கேள்வி. ஆனால் அவருக்குக் கிடைத்த பதிலை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. எவ்வளவு அதிகம் என்பதற்கு எண்ணிலேயே விடை உண்டு. கம்பெனியே ஓவர்கிளாக் செய்து (அதாவது குறித்த வேகத்துக்கு மேல் கூட்டி; அதன் சுருக்கம்தான் ஓ.சி.) விற்கும் கார்டை வாங்குவதா, சாதாரண கார்டை வாங்கி நாமே வேகத்தைக் கூட்டிக்கொள்வதா என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, சொந்தமாக ஓவர்கிளாக் செய்யும் வேலை எப்படி நடக்கும், யாருக்கு எந்த வழி பொருந்தும் என்பவற்றை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

ஒரே சிப், பல பெட்டிகள்

என்விடியாவோ ஏ.எம்.டி.யோ சிப்பை வடிவமைக்கிறது. தைவானின் டி.எஸ்.எம்.சி. போன்ற ஆலை அதைச் செய்து கொடுக்கிறது. அசுஸ், எம்.எஸ்.ஐ., ஜிகாபைட், ஸோட்டாக், சஃபையர் போன்ற கம்பெனிகள் அந்தச் சிப்பை வாங்கி, தங்கள் போர்டில் பொருத்தி, மேலே ஹீட்சிங்கும் ஃபேனும் வைத்து, தங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. சிப்பை வடிவமைத்த கம்பெனி ‘இந்த வேகத்தில் ஓடினால் போதும்’ என்று ஓர் அளவு குறித்துக் கொடுக்கும். அதற்குப் பெயர் ரெஃபரன்ஸ் கிளாக். அதே வேகத்தில் விற்றால் சாதாரண கார்டு. அதைவிடக் கூட்டி, அந்த அமைப்பைக் கார்டின் பயாஸிலேயே பதித்து விற்றால் ஓ.சி. கார்டு.

2023 ஜூனில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060ஐ எடுத்துக்கொள்வோம். என்விடியா குறித்த பூஸ்ட் வேகம் 2460 மெகாஹெர்ட்ஸ். ஜிகாபைட் இதே சிப்பில் பல மாடல்களை இறக்கியது. விண்ட்ஃபோர்ஸ் ஓ.சி. மாடலில் 2475, ஈகிள் ஓ.சி.யில் 2505, கேமிங் ஓ.சி.யில் 2550 மெகாஹெர்ட்ஸ். நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சதவீதம் போடுங்கள். முதல் மாடலில் ஏற்றம் 0.6 சதவீதம். இரண்டாவதில் 1.8. விலை உயர்ந்த மூன்றாவதில் 3.7.

3.7 சதவீதம் என்பது விளையாட்டில் எவ்வளவு? நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஒரு கேம், ஏற்றம் முழுவதும் வீணாகாமல் கிடைத்தாலும் 62 ஃபிரேமில்தான் ஓடும். 60க்கும் 62க்கும் உள்ள வித்தியாசத்தை மனிதக் கண் பிடிக்காது. 0.6 சதவீதத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். பெட்டியில் அதே ‘ஓ.சி.’ இருக்கும், ஏற்றம் அரை ஃபிரேம்கூட இருக்காது. ஆகவே முதல் பாடம் இது: ஓ.சி. என்ற எழுத்தைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள். எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று பாருங்கள். கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலின் பக்கத்தில் கோர் கிளாக் என்ற வரி இருக்கும். பல கம்பெனிகள் ரெஃபரன்ஸ் கிளாக்கையும் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.

அந்தக் காலத்து மிச்சம்

ஓ.சி. கார்டுக்கு இவ்வளவு பெயர் எப்படி வந்தது என்று கேட்கலாம். அந்தப் பெயர் நியாயமாகவே வந்ததுதான். 2010 ஜூலையில் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 460இன் கோர் வேகம் 675 மெகாஹெர்ட்ஸ். அதே கார்டை இ.வி.ஜி.ஏ. கம்பெனி எஃப்.டி.டபிள்யூ. என்ற மாடலாக 850 மெகாஹெர்ட்ஸில் விற்றது. 26 சதவீத ஏற்றம்! ஒரு படி மேலே உள்ள கார்டோடு போட்டி போடும் அளவுக்கு அது ஓடியது. சாதாரண 460ஐ வாங்கிய பையன்களும் வீட்டில் உட்கார்ந்து 800ஐத் தாண்டினார்கள். அன்றைக்குச் சிப்பில் அவ்வளவு மிச்சம் வைத்தே விற்றார்கள். ஏனென்றால் எல்லாச் சிப்பும் ஒரே நிலையான வேகத்தில் ஓட வேண்டியிருந்தது, அதனால் பலவீனமான சிப்புக்கும் தாங்கும் அளவைத்தான் குறிக்க முடிந்தது.

2012 மார்ச்சில் ஜி.டி.எக்ஸ். 680உடன் ஜி.பி.யு. பூஸ்ட் என்ற ஏற்பாட்டை என்விடியா கொண்டுவந்தது. அதிலிருந்து கதை மாறியது. கார்டு தன் சூட்டையும், இழுக்கும் மின்சாரத்தையும், வோல்டேஜையும் தானே ஓயாமல் அளந்துகொண்டு, இடம் இருக்கும் வரை வேகத்தை ஏற்றிக்கொள்ளும். சூடானால் இறக்கிக்கொள்ளும். ஏ.எம்.டி. கார்டுகளிலும் இன்று இதே போன்ற ஏற்பாடு உண்டு. அதாவது, முன்பு நாம் கையால் எடுத்த மிச்சத்தில் பெரும்பகுதியை இப்போது கார்டே எடுத்துக்கொள்கிறது. பெட்டியில் 2460 என்று எழுதிய 4060, நல்ல காற்றோட்டம் உள்ள கேபினட்டில் கேம் ஓடும்போது 2700ஐ ஒட்டி ஓடுவதைப் பார்க்கலாம்.

இதிலிருந்து வாங்குகிறவர்களுக்கு ஒரு முக்கியமான உண்மை கிடைக்கிறது. பெட்டியில் 2550 என்று எழுதிய கார்டு புழுக்கமான கேபினட்டில் 80 டிகிரியில் ஓடினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியில் 2460 என்று எழுதிய கார்டு 62 டிகிரியில் குளிர்ச்சியாக ஓடினால் அதற்கு நெருக்கமாக வந்துவிடும். அச்சடித்த எண்ணைவிடக் குளிர்ச்சிக்குத்தான் இன்று மதிப்பு அதிகம்.

கூடுதல் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது

அப்படியானால் ஓ.சி. கார்டு வாங்குவது வீணா? இல்லை. கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்து கொடுத்தால் வீணில்லை.

முதலாவது, ஹீட்சிங்கும் ஃபேனும். ஒரு கம்பெனியின் உயர்ந்த ஓ.சி. மாடலில் பெரும்பாலும் பெரிய ஹீட்சிங்க், கூடுதல் ஹீட்பைப், மூன்று ஃபேன் இருக்கும். சூடு குறையும். அதைவிட முக்கியமாக, சத்தம் குறையும். இரவில் வீட்டார் தூங்கும் அறையில் விளையாடுகிறவருக்கு இது 2 ஃபிரேமைவிடப் பெரிய விஷயம். மறுபக்கம், இத்தகைய கார்டுகளில் பல 28 முதல் 33 சென்டிமீட்டர் நீளம் வரும். வாங்கும் முன் உங்கள் கேபினட்டின் உள்நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

இரண்டாவது, பவர் லிமிட். கார்டு எத்தனை வாட் வரை இழுக்கலாம் என்ற உச்சவரம்பு பயாஸில் பதிந்திருக்கும். விலை உயர்ந்த மாடல்களில் இதை 10 சதவீதமோ அதற்கு மேலோ கூட்ட இடம் தந்திருப்பார்கள். விலை குறைந்த சில கார்டுகளில் அந்த ஸ்லைடர் 100க்கு மேல் நகரவே நகராது. சொந்தமாக ஓவர்கிளாக் செய்ய நினைப்பவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

மூன்றாவது, இரண்டு பயாஸ். சில மாடல்களில் கார்டின் விளிம்பில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் வேகம், மறுபக்கம் அமைதி. ஒரு பயாஸ் பழுதானால் மற்றதை வைத்துக் கார்டை எழுப்பலாம் என்பதும் ஒரு வசதி.

நான்காவது, கம்பெனியின் பொறுப்பு. அவர்கள் ஏற்றிய வேகத்தில் கார்டு தடுமாறினால், பில்லோடு சர்வீஸ் சென்டருக்குப் போய் வாரண்டியில் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. நீங்களே ஏற்றிய வேகத்துக்கு அப்படி யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

ஐந்தாவதாகப் பலர் நம்புவது, ஓ.சி. கார்டில் பொறுக்கி எடுத்த நல்ல சிப் இருக்கும் என்பது. இது ஒரு காலத்தில் எழுத்துப்பூர்வமாகவே நடந்தது. 2018இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 2070இல் டி.யு.106-400, டி.யு.106-400ஏ என்று சிப்பை இரண்டு ரகமாகப் பிரித்து என்விடியா விற்றது. ‘ஏ’ என்ற எழுத்து உள்ள சிப்பைத்தான் கம்பெனிகள் ஓவர்கிளாக் செய்து விற்கலாம். அது இல்லாத சிப் விலை குறைவு, பவர் லிமிட்டும் குறைவு. 2019இல் இந்தப் பிரிவினையை என்விடியா கைவிட்டது. இன்று ஓ.சி. என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் உள்ளே நல்ல சிப் இருக்கிறது என்று நினைத்துவிட முடியாது. உங்கள் கைக்கு வரும் சிப் நல்ல ரகமா, சுமார் ரகமா என்பது லாட்டரிதான்.

கம்பெனி சோதித்த வேகம் என்றால் பிரச்சினையே வராது என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. 2020 செப்டம்பரில் ஆர்.டி.எக்ஸ். 3080 சந்தைக்கு வந்த சில நாட்களிலேயே, வேகம் 2000 மெகாஹெர்ட்ஸைத் தொடும்போது கேம் பாதியில் மூடிவிடுவதாகப் பல நாடுகளிலிருந்து புகார்கள் வந்தன. கம்பெனியிலேயே வேகம் ஏற்றிய கார்டுகளில் இது அதிகம் பேசப்பட்டது. அந்த மாத இறுதியில் என்விடியா வெளியிட்ட 456.55 டிரைவர் பூஸ்ட் நடத்தையைத் திருத்தி நிலைமையைச் சரிசெய்தது. ஆகவே ஓ.சி. கார்டு வாங்கினாலும், முதல் வாரத்தில் நன்றாக ஓட்டிச் சோதித்துவிடுங்கள். கடையில் மாற்றித் தரும் காலம் முடிவதற்குள் குறை வெளியே வர வேண்டும்.

சொந்தமாகச் செய்ய: ஒரு சாயங்கால வேலை

சாதாரண கார்டை ஓவர்கிளாக் செய்ய இன்று சாலிடரிங்கும் வேண்டாம், பயாஸைத் தொடவும் வேண்டாம். எந்தக் கம்பெனிக் கார்டிலும் வேலை செய்யும் எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் போதும். ஏ.எம்.டி. கார்டு என்றால் அதன் அட்ரினலின் டிரைவரிலேயே டியூனிங் என்ற பகுதி இருக்கிறது. என்விடியாவும் தன் ஆப்பில் தானியங்கி டியூனிங்கைத் தருகிறது. அதை அழுத்திவிட்டுக் காத்திருந்தால், கார்டைச் சோதித்துப் பாதுகாப்பான ஓர் ஏற்றத்தை அதுவே வைத்துவிடும். முதல் முறை செய்கிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். கையால் செய்ய விரும்புகிறவர்களுக்கு வரிசை இதோ.

ஒன்று. தொடக்க நிலையை எழுதி வையுங்கள். யூனிஜின் ஹெவன் அல்லது சூப்பர்பொசிஷன் என்ற இலவச சோதனையை 15 நிமிடம் ஓட்டி, கோர் வேகம், மெமரி வேகம், சூடு, சராசரி ஃபிரேம் நான்கையும் ஒரு நோட்டில் குறியுங்கள். குறிக்காமல் தொடங்கினால் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று கடைசியில் தெரியாது.

இரண்டு. ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டையும் டெம்ப் லிமிட்டையும் கார்டு அனுமதிக்கும் உச்சத்துக்கு நகர்த்துங்கள். வோல்டேஜைத் தொட வேண்டாம். ஃபேன் வளைவைக் கொஞ்சம் உயர்த்தி, 70 டிகிரியில் ஃபேன் 65 முதல் 70 சதவீதம் சுற்றும்படி வையுங்கள்.

மூன்று. கோர் கிளாக்கில் 45 கூட்டி அப்ளை கொடுத்து, 10 நிமிடம் சோதனையை ஓட்டுங்கள். நன்றாக ஓடினால் 30 கூட்டுங்கள். பிறகு 15 பதினைந்தாக ஏறுங்கள். என்விடியாவின் 3060, 4060 போன்ற கார்டுகளில் வேகம் 15 மெகாஹெர்ட்ஸ் படிகளில்தான் நகரும், ஆகவே அதைவிடச் சிறிய எண்ணைக் கூட்டிப் பயனில்லை.

நான்கு. எல்லை வரும்போது திரையே சொல்லும். கருப்புப் பின்னணியில் பச்சையும் வெள்ளையுமாகப் புள்ளிகள் மின்னும். அல்லது ஒரு சுவரின் நிறம் திடீரென்று கட்டம் கட்டமாக உடையும். அல்லது படம் ஒரு நொடி உறைந்து, திரை கருத்து, சோதனை தானாக மூடிக்கொள்ளும். பயப்பட வேண்டாம், கார்டு கெடவில்லை. டிரைவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு மீண்டும் எழும். கடைசியாக நன்றாக ஓடிய எண்ணிலிருந்து இன்னும் 15 அல்லது 30 குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து. கோரை நிறுத்திவிட்டு மெமரிக்கு வாருங்கள். நூறு நூறாக ஏற்றுங்கள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. நவீன கிராபிக்ஸ் மெமரி, தகவல் போகும் வழியில் பிழை வந்தால் தானே கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பவைக்கும். அதனால் எல்லையைத் தாண்டினாலும் திரையில் புள்ளி தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்தத் திரும்ப அனுப்பும் வேலையால் சராசரி ஃபிரேம் குறையும். எண்ணைக் கூட்டியும் ஃபிரேம் கூடாமல் நின்றாலோ இறங்கினாலோ, இரண்டு படி பின்னால் வாருங்கள்.

ஆறு. நீண்ட சோதனை. 3டிமார்க்கின் கட்டணப் பதிப்பில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் உண்டு. ஒரே காட்சியை 20 சுற்று ஓட்டி, ஃபிரேமின் நிலைத்தன்மை 97 சதவீதத்துக்குக் குறையாவிட்டால் தேர்ச்சி. ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை இதற்கு நம்ப வேண்டாம். அது கார்டை அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கவைக்கும், கார்டு உடனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் சோதிக்க நினைத்த உச்ச வேகத்தை அது சோதிக்கவே செய்யாது. கடைசிப் பரீட்சை நீங்கள் தினமும் விளையாடும் கேம்தான். குறிப்பாக ரே டிரேசிங் உள்ள கேம் ஒன்றை ஓட்டிப் பாருங்கள்.

ஏழு. ஒரு வாரம் தொல்லையில்லாமல் ஓடிய பிறகுதான், விண்டோஸ் தொடங்கும்போதே இந்த அமைப்பு ஏறும்படி டிக் போட வேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே போட்டால், தவறான எண்ணோடு ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் எழுந்து திணறும்.

என் கார்டில் நடந்தது

எண்கள் இல்லாமல் பேசக் கூடாது என்பதற்காக என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு ஃபேன் உள்ள சாதாரண ஆர்.டி.எக்ஸ். 3060. மே மாதம், ஏ.சி. இல்லாத அறை, சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரில் 34 டிகிரி. தொடக்கத்தில் ஹெவனில் கோர் 1890 மெகாஹெர்ட்ஸ், சூடு 76 டிகிரி.

கோரில் 100 கூட்டினேன், ஓடியது. 130 கூட்டினேன், இருபது நிமிடம் தடையில்லாமல் ஓடியது. 160க்குப் போனதும் ஹெவன் காட்சியில் வரும் பறக்கும் கப்பலின் பாய்மரம் அப்படியே உறைந்தது, திரை கருத்தது, சோதனை மூடியது. 130இல் வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். இரண்டு நாள் கழித்து, ரே டிரேசிங் போட்டு ஓட்டிய கேம் ஒன்று நடுவில் மூடிக்கொண்டது. மறுநாளும் அதே இடத்தில் அதே கதை. 100க்கு இறக்கினேன். அதற்குப் பிறகு ஒரு முறையும் மூடவில்லை. மெமரியில் 700 கூட்டியது கடைசி வரை தாங்கியது. மொத்தத்தில் எனக்குக் கிடைத்தது 5 சதவீதம். 60 ஃபிரேம் 63 ஆனது. சூடு 79 டிகிரிக்கு ஏறியது, ஃபேன் சத்தமும் ஏறியது.

ஒரு சாயங்காலமும் இரண்டு நாள் எரிச்சலும் கொடுத்து 3 ஃபிரேம் வாங்கினேன். கம்பெனி ஓ.சி. மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுத்திருந்தாலும் ஏறத்தாழ அதே அளவுதான் கிடைத்திருக்கும். ஆனால் அந்தச் சாயங்காலத்தில் என் கார்டை நான் தெரிந்துகொண்டேன். எந்தச் சூட்டில் அது தளர்கிறது, எந்தக் கேமில் திணறுகிறது என்பதெல்லாம் இன்றும் நினைவில் இருக்கிறது. கற்க விரும்புகிறவருக்கு அதுவும் லாபம்தான்.

நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற மூன்றாவது வழி

அதே கார்டில் அடுத்த வாரம் செய்ததுதான் எனக்கு நிலையாகப் பயன்பட்டது. வேகத்தைக் கூட்டாமல் வோல்டேஜைக் குறைத்தேன். இதற்கு அண்டர்வோல்டிங் என்று பெயர்.

சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகக் கூடும். வோல்டேஜ் கூடினால் அதன் இருமடிப் பெருக்கத்தோடு கூடும். கணக்காகப் பாருங்கள். அதே வேகத்தில், 1.05 வோல்ட்டில் ஓடும் சிப்பை 0.95 வோல்ட்டில் ஓடவைத்தால், மின்சாரம் 0.95 வகுத்தல் 1.05இன் இருமடிக்கு, அதாவது 82 சதவீதத்துக்கு இறங்கும். வேகத்தில் ஒன்றும் இழக்காமல் 18 சதவீதம் மிச்சம். அந்த அளவுக்குச் சூடும் குறையும். கம்பெனிகள் சுமார் ரகச் சிப்புக்கும் போதும்படி வோல்டேஜைத் தாராளமாக வைப்பதால்தான் இந்த இடம் நமக்குக் கிடைக்கிறது.

செய்வது எளிது. ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலும் எஃப் எழுத்தும் சேர்த்து அழுத்தினால் வோல்டேஜ் வளைவு திறக்கும். கோர் கிளாக்கை 250 குறைத்து அப்ளை கொடுங்கள், வளைவு முழுவதும் கீழே இறங்கும். பிறகு 950 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் பிடித்து, கார்டு வழக்கமாக ஓடும் வேகம் வரை மேலே இழுத்து மீண்டும் அப்ளை கொடுங்கள். அதற்கு வலப்புறம் உள்ள புள்ளிகள் அதே உயரத்தில் தட்டையாகிவிடும். கார்டு இனி அதற்கு மேல் வோல்டேஜ் கேட்காது. மேலே சொன்ன அதே சோதனைகளை ஓட்டுங்கள். தாங்கினால் 925, பிறகு 900 என்று இறங்குங்கள். ஏ.எம்.டி. கார்டில் இதற்கு அட்ரினலினில் ஒரு ஸ்லைடர் போதும்.

என் 3060 0.9 வோல்ட்டில் 1860 மெகாஹெர்ட்ஸ் ஓடுகிறது. வேகம் தொடக்கத்தைவிட 30 குறைவு, கண்ணுக்குத் தெரியாது. சூடு 76இலிருந்து 67க்கு வந்தது. மே மாத மதியத்திலும் ஃபேன் அலறுவதில்லை. அறை வெப்பம் 35ஐத் தாண்டும் ஊரில் வாழ்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வாரண்டியும் ஆபத்தும்

ஓவர்கிளாக் செய்தால் கார்டு எரிந்துவிடுமா என்று பெற்றோர்கள் கேட்பார்கள். மென்பொருளில், கார்டு அனுமதிக்கும் எல்லைக்குள் நகர்த்தும் வரை எரிய வாய்ப்பு மிகக் குறைவு. சூடும் மின்சாரமும் எல்லையைத் தொட்டால் கார்டே வேகத்தை இறக்கும், முடியாவிட்டால் நின்றுவிடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வேறு கார்டின் பயாஸை ஏற்றி பவர் லிமிட்டை உடைப்பது, போர்டில் சாலிடர் வைத்து வோல்டேஜை மாற்றுவது இரண்டையும் செய்யாதீர்கள். கார்டு போகும், வாரண்டியும் போகும். வாரண்டி விதிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகின்றன. ஓவர்கிளாக்கால் வந்த சேதத்தைப் பற்றி அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கும் முன் படியுங்கள். சீரியல் நம்பரோடு கூடிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மறக்க வேண்டாம். 4060க்கு என்விடியா குறித்த மின்சாரம் 115 வாட். முழு கம்ப்யூட்டருக்கும் அது பரிந்துரைப்பது 550 வாட். பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். வைத்துக்கொண்டு ஓவர்கிளாக் பக்கமே போகாதீர்கள். கார்டுக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைத்த பணத்தை முதலில் அதற்குக் கொடுங்கள்.

கடையில் போட வேண்டிய கணக்கு

இப்போது அந்தக் கவுண்டருக்குத் திரும்புவோம். உதாரணக் கணக்குக்கு, சாதாரண கார்டு 30,000 ரூபாய், ஓ.சி. கார்டு 33,000 ரூபாய் என்று வைப்போம். விலையில் ஏற்றம் 10 சதவீதம். மேலே பார்த்த மாடல்களில் வேகத்தின் ஏற்றம் அதிகபட்சம் 3.7 சதவீதம். வேகத்துக்காக மட்டும் என்றால் இது நஷ்டம். என் அளவுகோல் இது:

விலை வித்தியாசம் 3 சதவீதத்துக்குள் இருந்தால், யோசிக்காமல் ஓ.சி. கார்டை எடுங்கள்.

3 முதல் 8 சதவீதம் என்றால், ஹீட்சிங்கும் ஃபேனும் உண்மையிலேயே பெரிதா, வாரண்டி ஓராண்டாவது கூடுதலா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தால் எடுக்கலாம். ஒன்றும் இல்லாமல் எண் மட்டும் மாறியிருந்தால் சாதாரண கார்டே போதும்.

8 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்துங்கள். அடுத்த படியில் உள்ள கார்டின் விலையைக் கேளுங்கள். ஆர்.டி.எக்ஸ். 4060இல் 3072 கூடா கோர்கள் (சிப்பில் கணக்குப் போடும் அலகுகள்), 4060 டி.ஐ.யில் 4352. 42 சதவீதம் அதிகம். விளையாட்டில் அது முழுவதும் ஃபிரேமாக மாறாதுதான். ஆனால் எந்த ஓவர்கிளாக்காலும் இல்லாத கோரை உண்டாக்க முடியாது. அலங்கார விளக்கு எரியும் ஓ.சி. 4060க்கும் எளிய 4060 டி.ஐ.க்கும் விலை நெருங்கி வந்தால், எளிய கார்டையே எடுங்கள்.

யாருக்கு எது

கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்க விருப்பமில்லாதவர்கள், வேலைக்காக வீடியோ எடிட்டிங்கும் 3டி ரெண்டரிங்கும் செய்கிறவர்கள்: சொந்த ஓவர்கிளாக் வேண்டாம். ஆறு மணி நேர ரெண்டர் ஐந்தாவது மணியில் நின்றால் 5 சதவீத வேகத்துக்கு அர்த்தமில்லை. நல்ல ஹீட்சிங்க் உள்ள கார்டை வாங்கி, வந்த வேகத்திலேயே ஓட்டுங்கள்.

பணம் இறுக்கமாக உள்ள மாணவர்கள்: விலை குறைந்த சாதாரண கார்டு, ஆனால் இரண்டு ஃபேனாவது இருக்கட்டும். தானியங்கி டியூனிங்கை ஒரு முறை ஓட்டிவிடுங்கள். கம்பெனி தரும் ஏற்றம் இலவசமாகவே கிடைத்துவிடும்.

கையால் செய்து பார்க்கும் ஆசை உள்ளவர்கள்: பவர் லிமிட் கூட்ட இடமுள்ள நடுத்தர மாடல். ஓ.சி. என்று எழுதியிருக்கிறதா இல்லையா என்பது பொருட்டில்லை. கம்பெனி ஏற்றிய கார்டின் மேலும் நீங்கள் ஏற்றலாம், ஆனால் மிச்சம் இருக்கும் இடம் அந்த அளவுக்குக் குறைவாக இருக்கும். இரண்டு கார்டும் போய் நிற்கும் உச்சம் பெரும்பாலும் ஒன்றுதான்.

வெப்பமான அறை, சின்ன கேபினட், இரவில் அமைதி தேவை என்பவர்கள்: எந்தக் கார்டு வாங்கினாலும் அண்டர்வோல்ட் செய்யுங்கள்.

பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பவரின் வீட்டிலேயே அரை மணி நேரம் சோதனையை ஓட்டிப் பாருங்கள். ஆஃப்டர்பர்னரில் ரீசெட் அழுத்திவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். வந்த வேகத்தில் புள்ளி மின்னினால் அந்தக் கார்டை விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை கடைக்காரர் “ஸ்பீடு அதிகம்” என்று சொன்னால், போனை எடுத்து அந்த மாடலின் கோர் கிளாக்கைப் பாருங்கள். ரெஃபரன்ஸ் வேகத்தைக் கழித்து, சதவீதம் போடுங்கள். விலை வித்தியாசத்துக்கும் சதவீதம் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியும் கணக்கு. அதைப் போடாமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.